ஜோர்ஜோ லா பீரா

ஜோர்ஜோ லா பீரா (ஜனவரி 9, 1904 – நவம்பர் 5, 1977) இத்தாலிய அரசியலாளரும் உரோமைச் சட்டப் பேராசிரியரும் ஆவார். கிறித்தவ மக்களாட்சிக் கட்சியைச் சேர்ந்த இவர், புளோரன்ஸ் நகரின் மேயராக 1951 முதல் 1957 வரையிலும், பின்னர் 1961 முதல் 1965 வரையிலும் பணியாற்றினார். போரும் அமைதியும் நாட்டின் அரசுக்கு உரிய விடயங்கள், நகராட்சிக்கு அவற்றில் வேலையில்லை என்ற வழமையான எண்ணத்தை ஏற்க மறுத்து, தொலைநாட்டுப் போர்களைப் பற்றியும் ஒரு நகரம் குரல் கொடுக்கலாம் என்று செயலில் காட்டியவர். பனிப்போர்க் காலத்தில் உலகத் தலைநகரங்களின் மேயர்களை புளோரன்சில் கூட்டியமைக்காகவும், வியட்நாம் போரை நிறுத்தும் முயற்சியாக 1965 இல் ஹனோய் சென்று ஹோ சி மின்னைச் சந்தித்தமைக்காகவும் இவர் பெரிதும் அறியப்படுகிறார்.

இளமையும் கல்வியும்

சிசிலித் தீவின் தென்கோடியில் உள்ள பொட்சால்லோ என்னும் கடற்கரை ஊரில் எளிய குடும்பம் ஒன்றின் மூத்த மகனாகப் பிறந்தார். சிறு வயதிலேயே மெசினா நகரில் வாழ்ந்த மாமாவின் வீட்டில் தங்கி வணிகக் கல்வி பயின்றார். பின்னாளில் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற கவிஞர் சல்வத்தோரே குவாசிமோதோ இக்காலத்தில் இவருக்கு நெருங்கிய நண்பராக இருந்தார். பின்னர் சட்டம் படிக்கத் தொடங்கி, தம் ஆசிரியர் எமிலியோ பெத்தியைப் பின்தொடர்ந்து புளோரன்ஸ் வந்து 1926 இல் பட்டம் பெற்றார். அந்நகரப் பல்கலைக்கழகத்திலேயே உரோமைச் சட்டப் பேராசிரியரானார்.

லா பீரா திருமணம் செய்து கொள்ளவில்லை. தொமினிக்கன் துறவியரின் மூன்றாம் சபையில் இணைந்து, சான் மார்க்கோ துறவு மடத்தின் சிறிய அறை ஒன்றில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். 1934 இல் வறியவர்களுக்கென ஞாயிறு வழிபாடு ஒன்றைத் தொடங்கினார். வழிபாட்டின் முடிவில் அங்கு ரொட்டி பகிரப்பட்டது. தம் சம்பளத்தைக் கேட்டவர்க்கெல்லாம் கொடுத்து விடுபவர் என்று நகரில் பேசப்பட்டது.

பாசிச எதிர்ப்பு

1939 இல் பிரின்சிப்பி என்னும் இதழைத் தொடங்கினார். சமயக் கட்டுரைகளின் வடிவில் மனித மாண்பையும் விடுதலையையும் பேசிய இவ்விதழ் 1940 இல் முசோலினியின் ஆட்சியால் நிறுத்தப்பட்டது. 1943 இல் செருமானியப் படைகள் இத்தாலியில் நிலைகொண்டபோது இவரைக் கைது செய்ய ஆணை பிறந்தது. சியேனா அருகிலும் பின்னர் உரோமிலும் மறைந்து வாழ்ந்தார். புளோரன்ஸ் 1944 இல் விடுவிக்கப்பட்ட பின் திரும்பினார். பின்வாங்கிய செருமானியர் பழைய பாலம் ஒன்றைத் தவிர ஆர்னோ ஆற்றுப் பாலங்கள் அனைத்தையும் தகர்த்திருந்தனர். நகரங்களின் அழிவைப் பற்றி இவர் பிற்காலத்தில் பேசியவற்றுக்குப் பின்னால் இந்த நேரடி அனுபவம் இருந்தது எனலாம்.

1946 இல் அரசியலமைப்பு மன்றத்துக்குத் தெரிவு செய்யப்பட்டு, குடிமக்களின் உரிமைகளை வரைந்த துணைக்குழுவில் பங்காற்றினார். 1948 இல் நடைமுறைக்கு வந்த இத்தாலிய அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்பு, பிற மக்களின் விடுதலையைத் தாக்கும் கருவியாகப் போரைப் பயன்படுத்துவதை நிராகரிக்கிறது என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

மேயராக

1951 தேர்தலுக்குப் பின் பொதுவுடைமைக் கட்சியின் மாரியோ ஃபபியானிக்கு அடுத்து மேயரானார். வீடிழந்தோர் மிகுந்திருந்த காலம் அது. வெறுமனே பூட்டிக் கிடந்த மாளிகைகளை 1865 ஆம் ஆண்டின் பழைய சட்டமொன்றைக் கொண்டு நகராட்சிக்கு எடுத்து, வீடற்றவர்களைக் குடியமர்த்தினார். இசொலோத்தோ குடியிருப்பு 1954 இல் திறக்கப்பட்டது. 1953 இன் இறுதியில் பிக்னோனே தொழிற்சாலை மூடப்படவிருந்தபோது, ஆலையைக் கைப்பற்றிய தொழிலாளர்களின் பக்கம் வெளிப்படையாக நின்றார். அரசு எண்ணெய் நிறுவனத்தின் தலைவர் என்ரிக்கோ மத்தேயை வற்புறுத்தி அவ்வாலையை வாங்கச் செய்தார். முதலாளிகளும் அவரது கட்சியின் பழமைவாதிகளும் இவரைச் சிவப்புச் சாயம் பூசிய கத்தோலிக்கர் என்று ஏசினர். பொதுவுடைமையரோ இவரை எவ்வாறு மதிப்பிடுவது என்று தெரியாமல் குழம்பினர்.

நகரங்களின் உரிமை

1954 ஏப்ரலில் ஜெனீவாவில் செஞ்சிலுவைச் சங்கத்தில் நிகழ்த்திய உரை லா பீராவின் கருத்துகளுள் முதன்மையானது. சில வாரங்களுக்கு முன்னர்தான் அமெரிக்கா பிகினி தீவில் நீரியக் குண்டைச் சோதித்திருந்தது. ஒரு நகரம் அதில் இன்று வாழ்பவர்களின் சொத்து அன்று. முன்னோர் கொடுத்துச் சென்றது, அடுத்த தலைமுறைக்குச் சேர வேண்டியது. ஆகவே அதை அழிக்கும் உரிமை எந்த அரசுக்கும் இல்லை என்று வாதிட்டார். உணர்ச்சி மிகுந்த பேச்சாகத் தோன்றினாலும் இதன் அடிப்படை சட்டத்தைச் சார்ந்தது. பிறருக்குச் சேர்ப்பிக்கும் கடமையுடன் பெற்ற சொத்தை இடையில் உள்ளவர் அழிக்க இயலாது என்னும் வாரிசுச் சட்டக் கருத்தை இவர் நகரங்களுக்குப் பொருத்தினார்.

இதன் தொடர்ச்சியாக 1955 அக்டோபரில் உலகத் தலைநகரங்களின் மேயர்கள் புளோரன்ஸ் நகர மன்றமான வெக்கியோ மாளிகையில் கூடினர். மாஸ்கோ மேயரும் மேற்கு நாட்டுத் தலைநகரங்களின் பிரதிநிதிகளும் ஒரே மண்டபத்தில் அமர்ந்தனர். வெளியுறவு அமைச்சுகள் செய்யத் துணியாததை ஒரு நகராட்சி செய்ததே இதன் சிறப்பு. ரெய்ம்ஸ், ஃபெஸ், பிலடெல்பியா, கியோத்தோ ஆகிய நகரங்களுடன் புளோரன்ஸ் இணை நகர உறவு கொண்டதும் லா பீராவின் காலத்திலேயே தொடங்கிய மரபாகும்.

அல்ஜீரியப் போர்

1954 இல் பிரான்சுக்கு எதிராக அல்ஜீரியாவில் விடுதலைப் போர் தொடங்கியது. 1958 அக்டோபரில் லா பீரா மத்தியதரைக் கடல் நாடுகளின் முதல் கலந்துரையாடலை வெக்கியோ மாளிகையில் கூட்டினார். அவ்வாண்டில் மேயர் பதவியில் இல்லாதபோதும் நகர மாளிகையே களமாக அமைந்தது. பிரெஞ்சுக்காரர்கள் அமர்ந்திருந்த அவையில் அல்ஜீரியத் தேசிய விடுதலை முன்னணியைச் சார்ந்தவர்களும் இருந்தனர். பிரெஞ்சு அரசுக்கு இது உவப்பாக இல்லை. இக்கலந்துரையாடல்கள் 1960, 1961, 1964 ஆம் ஆண்டுகளிலும் நடந்தன.

1961 இல் மீண்டும் மேயரான பின், படையில் சேர மறுத்த ஓர் இளைஞனைப் பற்றிய குளோத் ஒத்தான்-லாராவின் பிரெஞ்சுத் திரைப்படத்தை, தணிக்கைத் தடையையும் மீறி, அழைக்கப்பட்டவர்களுக்குத் திரையிட்டார். மனச்சான்றின் பெயரால் படைச்சேவையை மறுப்போர் இத்தாலியில் அக்காலத்தில் சிறை சென்றனர். அந்த உரிமை 1972 இல்தான் சட்டத்தில் இடம் பெற்றது.

வியட்நாமும் ஹனோய்ப் பயணமும்

1965 மார்ச்சில் அமெரிக்கா வட வியட்நாம் மீது தொடர் குண்டுவீச்சைத் தொடங்கியது. அதே காலத்தில் கட்சிகளிடையே உடன்பாடு ஏற்படாததால் லா பீரா மேயர் பதவியை இழந்தார். ஆயினும் ஏப்ரலில் வியட்நாம் அமைதிக்கான பன்னாட்டுக் கருத்தரங்கு ஒன்றை புளோரன்சில் நடத்தி, அதன் வேண்டுகோளைத் தொடர்புடைய அரசுகளுக்கு அனுப்பினார். இதன் விளைவாக ஹனோயிலிருந்து அழைப்பு வந்தது.

நவம்பரில், கணிதவியலாளரான இளம் நண்பர் மாரியோ பிரிமிச்செரியோவுடன் மாஸ்கோ, பெய்ஜிங் வழியாகப் புறப்பட்டார். (பிரிமிச்செரியோ பின்னர் 1995 முதல் 1999 வரை புளோரன்ஸ் மேயராக இருந்தார்.) நவம்பர் 11 அன்று ஹோ சி மின்னும் பிரதமர் பாம் வான் டோங்கும் இவர்களைச் சந்தித்தனர். வியட்நாம் முழுவதும் போர்நிறுத்தம் வேண்டும், 1954 ஜெனீவா உடன்பாடு பேச்சுவார்த்தையின் அடிப்படையாக வேண்டும், ஆனால் அமெரிக்கப் படைகள் முன்கூட்டியே வெளியேற வேண்டும் என்று வலியுறுத்த மாட்டோம் என்பதே லா பீரா கொண்டு வந்த செய்தி. கடைசிக் கூறுதான் புதியது.

அப்போது ஐக்கிய நாடுகள் பொதுச்சபைத் தலைவராகவும் இத்தாலியின் வெளியுறவு அமைச்சராகவும் இருந்த நண்பர் அமிந்தோரே ஃபன்ஃபானி, நவம்பர் 20 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சனுக்கு இதை எழுத்தில் தெரிவித்தார். அமெரிக்க வெளியுறவுச் செயலர் டீன் ரஸ்க் திசம்பர் 6 அன்று விளக்கங்கள் கேட்டுப் பதில் அனுப்பினார். திசம்பர் 15 அன்று ஹைபோங் அருகிலுள்ள மின்நிலையம் குண்டுவீச்சுக்கு உள்ளானது. திசம்பர் 17 அன்று செய்தி அமெரிக்க நாளேட்டில் கசிந்தது. மறுநாளே ஹனோய் அப்படி எதுவும் சொல்லவில்லை என மறுத்துவிட்டது.

இத்துடன் நில்லாமல், ஃபன்ஃபானியின் வீட்டில் இல் போர்கேசே என்னும் வலதுசாரி வார இதழுக்கு லா பீரா அளித்த பேட்டி பெரும் சங்கடத்தை விளைவித்தது. அரசியல் தலைவர்களைப் பற்றி மனம் திறந்து பேசியவை அப்படியே அச்சாயின. ஃபன்ஃபானி அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். ஹனோயின் முன்மொழிவு எவ்வளவு உறுதியானது என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. லா பீராவின் நேர்மையை எதிரிகளும் ஐயுறவில்லை. ஆனால் இரகசியம் காக்க வேண்டிய பணிக்கு அவரது வெள்ளந்தியான பேச்சு பொருத்தமற்றதாக இருந்தது என்பதை மறுக்க இயலாது. போர் மேலும் பத்தாண்டுகள் நீடித்தது.

இறுதிக்காலம்

1967 இல் உலக இணை நகரங்கள் கூட்டமைப்பின் தலைவரானார். அரபு-இசுரேல் போருக்குப் பின் இரு தரப்புத் தலைவர்களையும் நேரில் சந்தித்தார். உடல்நலம் குன்றிய நிலையிலும் 1976 இல் மீண்டும் நாடாளுமன்றத்துக்குத் தெரிவானார். 1977 நவம்பர் 5 அன்று புளோரன்சில் காலமானார். ரிஃப்ரேதி கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்ட இவரது உடல் 2007 இல் சான் மார்க்கோ பேராலயத்துக்கு மாற்றப்பட்டது. 2018 இல் கத்தோலிக்கத் திருச்சபை இவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது.

2022 பெப்ரவரியில், லா பீராவின் கலந்துரையாடல்களை முன்மாதிரியாகக் கொண்டு, மத்தியதரைக் கடல் நகரங்களின் மேயர்களும் ஆயர்களும் புளோரன்சில் கூடினர். கூட்டம் நடந்து கொண்டிருந்த பெப்ரவரி 24 அன்று உருசியப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தன. தாக்குதலுக்கு உள்ளான கீவ் நகரம் 1967 முதல் புளோரன்சின் இணை நகரமாகும்.