எவரெஸ்ட் பனிச்சரிவில் உயிர் தப்பியவர் நெய்யூர் டாக்டர் ஆனது எப்படி? யார் இந்த சோமர்வெல்?

இமயமலை ட்ரெக்கிங் போகும் தமிழக இளைஞர்கள் அதிகரித்து வருகிறார்கள். அவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் ஹோவர்ட் சோமர்வெல். எவரெஸ்ட்டில் பனிச்சரிவைச் சந்தித்த இவர், பிறகு பல ஆண்டுகள் வாழ்ந்தது நம்ம ஊரில்தான்.

யார் இவர்?

1890-ல் இங்கிலாந்தின் கெண்டல் நகரில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்த அறுவை சிகிச்சை நிபுணர். முதல் உலகப்போரில் காயமடைந்த வீரர்களுக்கு ஆபரேஷன் செய்தவர். மலையேற்றம் மீது தீராத காதல்!

1922-ல் என்ன நடந்தது?

எவரெஸ்ட் உச்சிக்கு முதன்முதலாக முயன்ற பிரிட்டிஷ் குழுவில் சோமர்வெல்லும் இருந்தார். இரண்டு முயற்சிகள் தோற்றன. மூன்றாவது முயற்சிக்கு முன் கடும் பனி கொட்டியது. ஒரு நாள் நல்ல வெயில் அடித்தது. பனி இறுகியிருக்கும் என நம்பி, ஜூன் 7 அன்று மல்லோரி, சோமர்வெல், க்ராஃபோர்ட் ஆகியோர் 14 தொழிலாளர்களுடன் ஏறினார்கள்.

திடீரென சரிவு மொத்தமாக நகர்ந்தது. 9 தொழிலாளர்கள் பனிப் பள்ளத்தில் விழுந்தனர். 2 பேரை மட்டுமே உயிரோடு மீட்க முடிந்தது. பலியான 7 பேரும் சுமை தூக்க வந்த மலைவாசிகள். பிரிட்டிஷார் ஒருவர்கூட சாகவில்லை. இந்த வேதனை சோமர்வெல்லை வாழ்நாள் முழுக்க விடவில்லை.

பனி ஏன் சரிகிறது?

பழைய பனி மீது புதுப்பனி விழுந்தால் உடனே ஒட்டாது. காற்று அதைப் பலகை போல இறுக்கிவிடும். மேலே மனிதர் கால் வைத்தாலே போதும், பலகை உடைந்து வழுக்கிவிடும். 30 முதல் 45 டிகிரி சரிவுகள்தான் அதிக ஆபத்து. பனி கொட்டிய அடுத்த ஓரிரு நாட்களில் ஏறாமல் காத்திருப்பதே பாதுகாப்பு. இந்தியாவில் சண்டிகரில் உள்ள டிஜிஆர்இ நிறுவனம் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது.

நெய்யூர் வந்தது எப்படி?

அதே ஆண்டு இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியவர், இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் நெய்யூரில் உள்ள மிஷன் மருத்துவமனைக்கு வந்தார். ஏராளமான நோயாளிகள், போதிய டாக்டர்கள் இல்லை. லண்டன் வாழ்க்கையை உதறிவிட்டு நெய்யூரிலேயே பணியில் சேர்ந்தார்.

1924-ல் மீண்டும் எவரெஸ்ட் போனார். ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமலே சுமார் 8,500 மீட்டர் வரை ஏறினார். அப்போது அவர் மல்லோரிக்குக் கொடுத்த கேமரா இன்றுவரை கிடைக்கவில்லை.

கொல்லிமலைக்கும் என்ன தொடர்பு?

பிற்காலத்தில் சோமர்வெல் வேலூர் சிஎம்சி-யில் பணியாற்றினார. அங்கே அப்போது இருந்த இன்னொரு பிரபல மருத்துவர் பால் பிராண்ட். தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைத்த அவர் 1914-ல் பிறந்தவர், சிறுவயதில் வளர்ந்தது கொல்லிமலையில்!

கொல்லிமலையில் பனிச்சரிவு கிடையாது. ஆனால் கனமழையில் நனைந்த மண்ணும் இதே போலத்தான் பிடிப்பு இழந்து சரியும். மழை விட்டதும் வெயில் அடிக்கிறதே என்று உடனே சரிவில் இறங்கக் கூடாது.

1975-ல் சோமர்வெல் இங்கிலாந்தில் காலமானார். அவர் வளர்த்தெடுத்த நெய்யூர் மருத்துவமனை இன்றும் இயங்கி வருகிறது.