வேகத்தைத் துரத்தியவர்: சூப்பர் கம்ப்யூட்டர் மேதை சீமோர் கிரே

கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, இது வேகமாக வேலை செய்யுமா என்பதுதான். கடைக்காரர் ஆமாம் என்று தலையை ஆட்டுவார். ஆனால் அவர் சொல்லும் வேகம் வேறு. வீட்டுக்குக் கொண்டுவந்து வேலை கொடுத்துப் பார்க்கும்போது தெரியும் வேகம் வேறு.

இந்த இரண்டு வேகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நன்றாக உணர்ந்தவர் ஒருவர் இருந்தார். வேகமான கம்ப்யூட்டர் செய்வதையே ஆயுள் முழுவதும் தொழிலாகக் கொண்டவர். அவர் பெயர் சீமோர் கிரே. அமெரிக்கர். சூப்பர் கம்ப்யூட்டரின் தந்தை என்று உலகம் அவரைப் போற்றுகிறது.

நிலவறையில் ஒரு சிறுவன்

அமெரிக்காவின் வடபகுதியில் விஸ்கான்சின் என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அங்கே சிப்பேவா பால்ஸ் என்ற சிறிய ஊரில் 1925-ம் ஆண்டு செப்டம்பர் 28-ந் தேதி சீமோர் கிரே பிறந்தார். தகப்பனார் என்ஜினீயர்.

சிறுவன் சீமோருக்குக் கம்பியும் மோட்டாரும்தான் விளையாட்டுச் சாமான்கள். அவன் ஆராய்ச்சி செய்வதற்காகப் பெற்றோர் வீட்டின் நிலவறையை ஒதுக்கிக் கொடுத்தார்கள். 10 வயதிலேயே அவன் ஒரு கருவி செய்தான். காகித நாடாவில் துளை போட்டு அதனுள் செலுத்தினால், அந்தத் துளைகளைத் தந்தியடிக்கும் மோர்ஸ் ஒலியாக அது மாற்றும்.

1943-ல் பள்ளிப் படிப்பு முடிந்தது. அப்போது இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. கிரே ராணுவத்தில் சேர்ந்தார். முதலில் ஐரோப்பாவில் ரேடியோ வேலை. பிறகு பிலிப்பைன்ஸ் தீவுகளில் ஜப்பானியரின் ரகசியச் செய்திகளைக் கண்டுபிடிக்கும் வேலை.

போர் முடிந்து ஊர் திரும்பியவர், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மின்சார என்ஜினீயரிங் படித்தார். 1951-ல் கணிதத்தில் எம்.எஸ்சி. பட்டமும் பெற்றார். அந்தக் காலத்தில் செயின்ட் பால் நகரில் ஒரு கம்பெனி கணக்குப் போடும் எந்திரங்கள் செய்துவந்தது. போர்க்காலத்தில் கிளைடர் விமானம் செய்த பழைய தொழிற்சாலைதான் அதன் கட்டிடம். கிரே அங்கே வேலைக்குச் சேர்ந்தார்.

மட்டமான சரக்கில் உயர்ந்த எந்திரம்

1957-ல் அந்த நிறுவனத்திலிருந்து சிலர் பிரிந்து வந்து, கண்ட்ரோல் டேட்டா என்ற புதிய கம்பெனியைத் தொடங்கினார்கள். கிரேயும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்.

புதுக் கம்பெனியில் பணம் குறைவு. டிரான்சிஸ்டர் விலையோ அதிகம். கிரே தயங்கவில்லை. தரம் குறைந்தவை என்று மலிவாக விற்ற டிரான்சிஸ்டர்களை வாங்கினார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வேலை செய்யும் சரக்கு அது. அந்தக் குறைகளைத் தாங்கக்கூடிய விதத்தில் மின்சுற்றை அவர் அமைத்தார். இந்த முயற்சியிலிருந்து 1604 என்ற கம்ப்யூட்டர் உருவாகி, 1960-ல் விற்பனைக்கு வந்தது. நன்றாக விற்றது.

கம்பெனி வளர்ந்ததும் கூட்டங்களும் வருகிறவர்களும் பெருகினார்கள். கிரேக்கு அது பிடிக்கவில்லை. தன் சொந்த ஊரிலேயே ஓர் ஆராய்ச்சிக்கூடம் வேண்டும் என்று கேட்டார். 1962-ல் சிப்பேவா பால்ஸில் அது அமைந்தது. அவருக்கு வேண்டியது பென்சில், கட்டம் போட்ட காகிதம், அமைதி. இவ்வளவுதான். மாலையில் வீட்டுக்குப் போவார். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் வந்து இரவு நெடுநேரம் வேலை செய்வார்.

34 பேர் செய்த அதிசயம்

அந்தச் சிறிய கூடத்தில் பிறந்ததுதான் 6600 என்ற கம்ப்யூட்டர். 1963-ல் அறிவித்தார்கள். 1964-ல் வெளிவந்தது. ஒரு வினாடிக்குச் சுமார் 30 லட்சம் கட்டளைகளை நிறைவேற்றியது.

இந்த வேகம் எப்படி வந்தது? கிரே இரண்டு உண்மைகளைப் பிடித்துக்கொண்டார்.

முதலாவது, கம்பியின் நீளம். ஒரு வினாடியை 100 கோடி பங்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பங்கு நேரத்தில் மின்சாரச் சைகை ஓர் அடி தூரம்கூடப் போவதில்லை. ஆகவே கம்பி நீண்டால் வேகம் குறையும். உறுப்புகளை நெருக்கி வைக்கவேண்டும். நெருக்கி வைத்தால் சூடு ஏறும். அதற்காக, குளிர்சாதனப் பெட்டியில் இருப்பதுபோன்ற குளிர்விக்கும் குழாய்களை எந்திரத்துக்குள்ளேயே ஓடவிட்டார்கள்.

இரண்டாவது, வேலைப் பங்கீடு. மண்டியில் முதலாளியே மூட்டை எண்ணி, ரசீது எழுதி, கணக்கும் பார்த்தால் வியாபாரம் நகருமா? 6600-ல் முதலாளிக்கு 10 குமாஸ்தாக்கள் இருந்தார்கள். தகவலை உள்ளே கொண்டுவருவது, வெளியே அனுப்புவது போன்ற சில்லறை வேலைகளை 10 சிறிய கம்ப்யூட்டர்கள் கவனித்துக்கொண்டன. நடுவில் இருந்த பெரிய எந்திரம் கணக்கு மட்டும் போட்டது.

அதற்கு முன்பு ஐ.பி.எம். என்ற பெரிய கம்பெனி, ஸ்டிரெட்ச் என்ற கம்ப்யூட்டரைச் செய்திருந்தது. சோதித்துப் பார்த்தபோது, சொன்ன வேகம் அதில் இல்லை. 1961-ல் அதன் விலையையே குறைக்க நேர்ந்தது. 6600 அந்த ஸ்டிரெட்சைவிட 3 மடங்கு வேகம். கிரேயின் கூடத்தில் இருந்தவர்கள், காவல்காரர் உட்பட 34 பேர்தான். இத்தனை பெரிய கம்பெனி எப்படி அவர்களிடம் முதலிடத்தை இழந்தது என்று, ஐ.பி.எம். தலைவர் தாமஸ் வாட்சன் தம் அதிகாரிகளைக் கடிதம் எழுதிக் கேட்டார்.

1969-ல் 7600 என்ற அடுத்த எந்திரம் வந்தது. அதுவும் வெற்றி. அதற்கடுத்த 8600 சரிவரவில்லை. கம்பெனியிலும் பணமுடை. 1972-ல் கிரே விலகி, சொந்த ஊரில் கிரே ரிசர்ச் என்ற கம்பெனியைத் தொடங்கினார். மனக்கசப்பு இல்லை. பழைய கம்பெனியே புதிய கம்பெனியில் பணம் போட்டது!

சொன்ன வேகமும் செய்த வேகமும்

இந்தச் சமயத்தில் கண்ட்ரோல் டேட்டா, ஸ்டார்-100 என்ற கம்ப்யூட்டரை வெளியிட்டது. அது கிரே செய்ததல்ல. நீண்ட வரிசையாக எண்களைக் கொடுத்தால் ஒரேயடியாகப் போட்டுத் தள்ளும். வினாடிக்கு 10 கோடி கணக்கு என்று பேசப்பட்டது. ஆனால் உண்மையான வேலையில் அந்த வேகத்தின் அருகில்கூட அதனால் வரமுடியவில்லை.

காரணம் என்ன? கல்யாண வீட்டை நினைத்துப் பாருங்கள். ஆயிரம் பேருக்கான சாதத்தைச் சமையல்காரர் அரை மணியில் வடித்துவிடுகிறார். ஆனால் இலை போடுகிறவர் ஆமைபோல நகர்கிறார். பந்தி எப்போது முடியும்? அதுபோல, ஸ்டார்-100 வரிசைக் கணக்கில் புலி. ஒற்றைக் கணக்கில் ஆமை. எல்லா வேலையிலும் ஒற்றைக் கணக்கு உண்டு. எந்திரத்தின் உண்மையான வேகத்தை அதன் மெதுவான பகுதியே தீர்மானிக்கிறது.

கிரே இதைக் கவனித்தார். தன் புதிய எந்திரம் இரண்டு கணக்கிலும் வேகமாக ஓடவேண்டும் என்று முடிவு செய்தார். அதுதான் கிரே-1. எடை ஐந்தரை டன். வளைந்து நிற்கும் தூண்போன்ற அமைப்பு. உள்ளே எந்தக் கம்பியும் 4 அடிக்கு மேல் இல்லை. அதற்காகத்தான் அந்த வளைவு. சுற்றிலும் மெத்தை போட்ட திண்ணை. அந்தத் திண்ணைக்கு அடியில் மின்சாரக் கருவிகள்!

ஆறு மாதச் சோதனை

1976 வந்தது. கம்பெனி பொதுமக்களிடம் பங்கு விற்றுப் பணம் திரட்டியிருந்தது. ஆனால் ஓர் எந்திரம்கூட இன்னும் விலைபோகவில்லை. இது தோற்றால் எல்லாம் போய்விடும் என்ற நிலை.

முதல் எந்திரத்தை லாஸ் அலமாஸ் அணு ஆராய்ச்சிக்கூடத்துக்குக் கொடுத்து, 6 மாதம் ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். அங்கே இருந்தவர்கள் விளம்பரத்தை நம்புகிறவர்கள் அல்ல. கிரேயின் பழைய 7600-ஐயே அளவுகோலாக வைத்துக்கொண்டு, ஒற்றைக் கணக்கில் எவ்வளவு வேகம், வரிசைக் கணக்கில் எவ்வளவு வேகம், எத்தனை மணிக்கு ஒருமுறை நிற்கிறது என்று குறித்துவந்தார்கள்.

வேகத்தில் கிரே-1 ஜெயித்தது. ஆனால் ஒரு குறை தெரிந்தது. அந்த 6 மாதத்தில் அதன் நினைவகத்தில் 152 முறை தவறு ஏற்பட்டது. லாஸ் அலமாஸ் 7,000 அடிக்கு மேல் உயரமுள்ள மலைப் பகுதி. விண்வெளிக் கதிர்களால் காற்றில் உண்டாகும் நுண்துகள்கள் நினைவகத்தைத் தாக்கினால், அங்கே இருக்கும் எண் மாறிவிடும் என்று பிற்கால ஆராய்ச்சி விளக்கியது.

கிரேயின் பழைய 6600-ல் இப்படிப்பட்ட தவற்றைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடே நினைவகத்தில் கிடையாது. அந்த ஏற்பாடு வைத்தால் வேகம் கொஞ்சம் குறையும். ஆனால் தவறான விடை எவ்வளவு சீக்கிரம் வந்து என்ன பயன்? அடுத்து விற்ற எந்திரங்களில், தவற்றைத் தானே திருத்திக்கொள்ளும் அமைப்பு சேர்க்கப்பட்டது.

1977-ல் அமெரிக்க வளிமண்டல ஆராய்ச்சி மையம் 88 லட்சம் டாலர் கொடுத்து ஒன்றை வாங்கியது. ஐரோப்பிய வானிலை மையம் 1978-ல் இங்கிலாந்தில் ஒன்றை அமைத்து, மறுவருடம் முதல் பல நாட்களுக்கு முன்கூட்டியே வானிலை சொல்லத் தொடங்கியது. மொத்தம் 80-க்கு மேல் விற்றன. 1979-ல் ஜாக் டொங்காரா என்ற கணித நிபுணர், ஒரே கணக்கை இருபதுக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களிடம் கொடுத்து நேரத்தைப் பட்டியல் போட்டார். முதலிடம் கிரே-1-க்குத்தான்.

இந்தியாவும் 1980-களின் கடைசியில், வானிலை ஆராய்ச்சிக்காக அந்தக் கம்பெனியின் எக்ஸ்.எம்.பி. என்ற எந்திரத்தை டெல்லிக்கு வரவழைத்தது. அமெரிக்கா பல நிபந்தனைகள் போட்டது. சொந்தமாகவே சூப்பர் கம்ப்யூட்டர் செய்வோம் என்று 1988-ல் புனாவில் சி-டாக் நிறுவனம் தோன்றியது. 1991-ல் பரம் 8000 பிறந்தது.

சிறியவை பெரியதை வென்றன

1985-ல் கிரே-2 வந்தது. மின்சாரம் பாயாத ஒரு திரவத்துக்குள் அதன் உறுப்புகள் மூழ்கியிருந்தன. பார்ப்பதற்கு மீன் தொட்டிபோல இருக்கும். இன்னொரு புதுமையும் உண்டு. கம்ப்யூட்டரை நடத்துவதற்கு ஓர் அடிப்படைப் புரோகிராம் வேண்டும். 1969-ல் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு சிறிய கம்ப்யூட்டருக்காக யூனிக்ஸ் என்ற புரோகிராமை எழுதியிருந்தார்கள். அதிலிருந்து உருவான யூனிகாஸ்தான் கிரே-2-ஐ நடத்தியது. சிறிய வண்டிக்குச் செய்த கடிவாளம் பெரிய ரதத்துக்கும் பொருந்தியது!

ஆனால் அதே யூனிக்ஸ், மேஜைமேல் வைக்கும் ஒர்க்ஸ்டேஷன் கம்ப்யூட்டர்களிலும் ஓடியது. அவை வருடத்துக்கு வருடம் வேகமாயின, மலிவாயின. ஒவ்வொரு கம்பெனியும் தன் எந்திரமே வேகம் என்று சொன்னது. யார் சொல்வது உண்மை என்று பார்க்க, 1988-ல் அந்தக் கம்பெனிகளே கூடி ஸ்பெக் என்ற பொது அமைப்பை ஏற்படுத்தின. உண்மையான புரோகிராம்களை ஓட்டி, பொதுவான மதிப்பெண் போடும் முறை வந்தது.

இப்போது வாங்குகிறவர்கள் வேகத்தை மட்டும் பார்க்கவில்லை. கொடுத்த பணத்துக்கு எவ்வளவு வேலை நடக்கிறது என்று கேட்டார்கள். ஆயிரம் பேர் வடம் பிடித்துத் தேரை இழுப்பதுபோல, சிறிய கம்ப்யூட்டர்களை நூற்றுக்கணக்கில் இணைத்து வேலை வாங்கும் வழியும் வளர்ந்தது. 1993-ல் உலகின் 500 வேகமான கம்ப்யூட்டர்கள் என்ற பட்டியல் முதன்முதலாக வெளிவந்தது. முதலிடத்தில் இருந்தது 1,024 சில்லுகளை இணைத்த எந்திரம்.

கிரேயோ, வலிமையான சில எந்திரங்களே போதும் என்று நம்பினார். 1989-ல் தனிக் கம்பெனியாகப் பிரிந்து, கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் கிரே-3-ஐச் செய்தார். வழக்கமான சிலிக்கானை விட்டு, காலியம் ஆர்சனைடு என்ற பொருளைப் பயன்படுத்தினார். செய்து முடிக்கக் காலம் நீண்டது. 1991-ல் முக்கியமான ஆர்டர் ரத்தானது. 1993-ல் ஓர் எந்திரம் வளிமண்டல மையத்துக்குச் சோதனைக்குப் போனது. ஆனால் யாரும் வாங்கவில்லை. 1995-ல் கம்பெனி திவாலாயிற்று.

எழுபது வயதில் புதுப் பாடம்

வேறொருவராக இருந்தால் ஓய்ந்து உட்கார்ந்திருப்பார். கிரேக்கு எழுபது வயது. 1996-ல் மறுபடியும் ஒரு கம்பெனி தொடங்கினார். இந்தத் தடவை, தான் இத்தனை காலம் ஒதுக்கிவைத்த வழியையே எடுத்துக்கொண்டார். பல சில்லுகளைச் சேர்த்து எந்திரம் செய்யத் திட்டம் போட்டார். சோதனை சொன்ன தீர்ப்பை அவர் மதித்தார்.

ஆனால் விதி வேறுவிதமாக இருந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி அவர் சென்ற ஜீப் விபத்தில் சிக்கி உருண்டது. இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் போராடினார். அக்டோபர் 5-ந் தேதி காலமானார். வயது 71.

2022-ல் பிரான்டியர் என்ற அமெரிக்க கம்ப்யூட்டர் உலகின் முதலிடத்தைப் பிடித்தது. ஒரு வினாடியில் அது போடும் கணக்கை எழுத, 1 போட்டு 18 பூஜ்யம் சேர்க்கவேண்டும். ஆயிரக்கணக்கான சில்லுகளைச் சேர்த்துச் செய்த எந்திரம் அது. யூனிக்ஸ் வழியில் வந்த லினக்ஸ்தான் அதை நடத்துகிறது. அந்த எந்திரத்தின் வகைக்குச் செய்தவர்கள் வைத்த பெயர், கிரே!