கார்பைன் வில்லியம்ஸ்: ஜெயில் பட்டறையில் ஒரு இன்ஜினியர்

உங்களில் என்.சி.சி.யில் இருப்பவர்கள் .22 ரைபிளைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பீங்க. சின்னத் தோட்டா, சின்னச் சத்தம், தோளில் பெரிய உதையும் இருக்காது. செலவும் குறைவு. அதனாலதான் உலகம் முழுக்கப் பயிற்சிக்கு அதையே கொடுக்கிறாங்க. இந்தத் தோட்டாவுக்கு ரிம்ஃபயர் என்று பெயர். அடிப்பகுதியின் விளிம்புக்குள்ளேயே பற்றவைக்கும் மருந்து இருக்கும். பெரிய தோட்டாக்களில் அது நடுவில் இருக்கும்.

இப்ப ஒரு கேள்வி. பெரிய .45 பிஸ்டலில் இந்தச் சின்னத் தோட்டாவைப் போட்டுச் சுட முடியுமா? முடியும். அதுக்குன்னே ஒரு கன்வர்ஷன் கிட் உண்டு. மேலே உள்ள ஸ்லைடு, பேரல், ஸ்பிரிங், மேகசின் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கிட்டில் இருப்பதை மாட்டினால் போதும். ஆனா அந்தக் கிட்டுக்கு ஒரு பிரபலமான வியாதி உண்டு. நல்லா சுட்டுக்கிட்டே இருக்கும்போது திடீர்னு ஸ்லைடு பாதியில் நிற்கும், காலிக் குப்பி வெளியே வராது. கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒரு சின்னப் பாகம் பேரலோட ஒட்டிக்கொண்டு அசையவே அசையாது.

அந்தச் சின்னப் பாகத்தைக் கண்டுபிடித்தவரின் கதைதான் இது. அதைப் பற்றி அவர் யோசித்த இடம் எது தெரியுமா? சிறைச்சாலை.

கெட்ட பையன்

டேவிட் மார்ஷல் வில்லியம்ஸ் 1900-ல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், கம்பர்லேண்ட் கவுண்டியில் பிறந்தார். விவசாயக் குடும்பம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கொல்லுப் பட்டறையில் வேலைக்குப் போனார். வயதை மறைத்துக் கடற்படையில் சேர்ந்தார், கண்டுபிடித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்புறம் ஒரு ராணுவப் பள்ளியில் சேர்த்தார்கள், அங்கேயிருந்தும் வெளியேற்றப்பட்டார். 1918-ல் கல்யாணம். ரயில்வேயில் வேலை. அந்தச் சம்பளம் போதாமல் காட்டுக்குள் கள்ளச்சாராயம் காய்ச்ச ஆரம்பித்தார். அமெரிக்காவில் அது மதுவிலக்குக் காலம்.

1921 ஜூலையில் அவருடைய சாராய அடுப்பை ஷெரிஃப் ஆட்கள் சோதனை போட வந்தார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது. அல்ஃப்ரெட் ஜாக்சன் பேட் என்ற துணை ஷெரிஃப் அதில் இறந்துபோனார். முதல் விசாரணையில் ஜூரிகளுக்குள் ஒருமித்த முடிவு வரவில்லை. பிறகு இரண்டாம் நிலைக் கொலைக் குற்றத்தை வில்லியம்ஸ் ஒப்புக்கொண்டார். 20 முதல் 30 வருடம் வரை தண்டனை. அப்போது அவருக்கு வயது 21.

இந்த இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்க. இனி வரப்போவது ஒரு திறமைசாலியின் கதை. படிக்கப் படிக்க அவர் பக்கம் சாயத் தோணும். ஆனா தன் வேலையைச் செய்யப் போன ஒரு மனிதர் அன்றைக்கு வீடு திரும்பவில்லை. அதை மறந்துவிட்டு மீதியைப் படிக்காதீங்க.

பேப்பரும் பென்சிலும்

வில்லியம்ஸைக் கலெடோனியா என்ற சிறைப் பண்ணைக்கு அனுப்பினார்கள். அங்கே கண்காணிப்பாளராக இருந்தவர் எச்.டி. பீப்பிள்ஸ். இந்தக் கைதிக்கு இயந்திரம் என்றால் கை தானாகப் பேசுகிறது என்பதை அவர் கவனித்தார். பட்டறை வேலை கொடுத்தார். காவலர்களின் துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் பொறுப்பு வந்தது. யோசிச்சுப் பாருங்க, கொலைக் குற்றவாளியிடம் காவலர்களின் துப்பாக்கி! அந்த நம்பிக்கையை வில்லியம்ஸ் கெடுக்கவில்லை.

இரவில் கிடைத்த பேப்பரில் டிராயிங் போட்டார். அம்மா வரைபடக் கருவிகளையும் தொழில்நுட்பத் தகவல்களையும் அனுப்பி வைத்தார். கழிவு இரும்பிலிருந்தும் வேலிக் கம்ப மரத்திலிருந்தும் ரைபிள்கள் செய்தார். சி.என்.சி. கிடையாது, கேட் மென்பொருள் கிடையாது, கூகுள் கிடையாது. நம்ம ஒர்க்‌ஷாப்பில் ஃபைலிங் எக்ஸர்சைஸுக்கே புலம்புகிறோம்.

வெளியே குடும்பம் தண்டனைக் குறைப்புக்கு முயற்சி எடுத்தது. அவரைப் பிடித்த ஷெரிஃபும் ஆதரவு தந்தார். இறந்துபோன பேட்டின் மனைவியும் அந்தக் கோரிக்கையில் சேர்ந்தார். 1929-ல் வில்லியம்ஸ் விடுதலையானார்.

மிதக்கும் அறை

வெளியே வந்தவர் அமெரிக்க ராணுவத்தின் கதவைத் தட்டினார். பொருளாதார வீழ்ச்சிக் காலம், ராணுவத்துக்கும் கையில் காசு இல்லை. பெரிய தோட்டாவில் பயிற்சி கொடுத்துக் கட்டுப்படியாகாது. பெரிய இயந்திரத் துப்பாக்கியைச் சின்ன .22 தோட்டாவிலேயே ஓட்டிக் காட்டுகிறேன் என்று போனவருக்கு வேலை கிடைத்தது.

பிரச்சனை என்னவென்று நம்ம முதல் வருஷ ஃபிசிக்ஸ் கொண்டே பார்க்கலாம். .45 குண்டின் எடை சுமார் 15 கிராம், .22 குண்டு சுமார் 2.6 கிராம். முன்னே போவது இவ்வளவு லேசாக இருந்தால், பின்னே தள்ளும் உதையும் சின்னதுதான். கனமான ஸ்லைடை அது எப்படி முழுசாகப் பின்னே தள்ளும்? கோல்ட் கம்பெனி 1931-ல் ஏஸ் என்ற .22 பிஸ்டலைக் கொண்டுவந்தபோது ஸ்லைடின் எடையைக் குறைத்துச் சமாளித்தது. ஓடியது, ஆனா .45-ஐப் பிடித்த உணர்வு வரவில்லை.

வில்லியம்ஸ் எடையைத் தொடவில்லை. பரப்பளவைப் பார்த்தார். விசை என்பது அழுத்தம் பெருக்கல் பரப்பளவு, அவ்வளவுதானே? சாதாரணமாக வாயு அழுத்தம் அந்தக் குட்டித் தோட்டாக் குப்பியின் அடியில் மட்டும்தான் தள்ளும். அவர் தோட்டா உட்காரும் அறையைப் பேரலிலிருந்து வெட்டித் தனித் துண்டாக்கினார். குண்டு அறையைத் தாண்டிப் பேரலுக்குள் போனதும், வாயு அந்தத் துண்டின் முன்முகத்திலும் பாயும். முன்முகம் அகலமானது. ஆகவே அதே அழுத்தத்தில் அதிக விசை. அறையே ஒரு பிஸ்டன் போலக் கொஞ்சம் பின்னே நகர்ந்து ஸ்லைடை உதைத்துத் தள்ளும். இதுதான் மிதக்கும் அறை. 1937-ல் வந்த சர்வீஸ் ஏஸ் பிஸ்டலிலும், அடுத்து வந்த கோல்ட் கன்வர்ஷன் கிட்டிலும் இருந்தது இதுவே.

அப்ப ஏன் மாட்டிக்கிது?

தீர்வு இருக்கும் இடத்தில்தான் அதன் பலவீனமும் இருக்கிறது. அறை நகர வேண்டும் என்றால் அதற்கும் பேரலுக்கும் நடுவில் இடைவெளி வேண்டும். .22 குண்டு பெரும்பாலும் மேலுறை இல்லாத ஈயம், மேலே மெழுகுப் பூச்சு. ஒவ்வொரு சுடுதலிலும் ஈயத் துகளும் கரியும் மெழுகும் அந்த இடைவெளியில் போய்ப் படியும். சுடச்சுடப் படிந்து கெட்டியாகி, மிதக்க வேண்டிய அறை ஒட்டிய அறையாகிவிடும். நகராவிட்டால் கூடுதல் விசை இல்லை. விசை இல்லாவிட்டால் ஸ்லைடு முழுசாகப் போகாது. குப்பி உள்ளேயே நிற்கும்.

பழுதுபார்ப்பவர்கள் செய்யும் முறை இது. முதலில் பிஸ்டலைப் பாதுகாப்பான திசையில் பிடித்தபடியே மேகசினைக் கழற்றி, உள்ளே தோட்டா இல்லை என்பதைக் கண்ணால் பார்ப்பார்கள். தோட்டா உள்ளே இருந்து ஸ்லைடும் அசையவில்லை என்றால் மேற்கொண்டு தொடாமல் தெரிந்த ஆர்மரரைக் கூப்பிடுவார்கள். காலி என்று உறுதியான பிறகு பேரலை வெளியே எடுத்து, கரி கரைக்கும் சால்வென்டில் ஊற வைப்பார்கள். பித்தளை பிரஷ்ஷால் தேய்ப்பார்கள். பிறகு மரக் குச்சியோ பித்தளைக் கம்பியோ வைத்து மெல்லத் தள்ளுவார்கள். இரும்புச் சுத்தியல் கூடவே கூடாது. அறையின் விளிம்பில் ஒரு சின்ன நசுங்கல் விழுந்தாலும், அழுக்கில்லாதபோதும் அது மாட்டும். ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் சுத்தம் செய்வதுதான் நிரந்தர மருந்து.

நாம யாரும் இதை வீட்டில் செய்யப் போறதில்லை. ஆனா லேபில் ஒரு பேரிங் மாட்டிக்கொண்டால் முதலில் கை எதைத் தேடுகிறது? சுத்தியலைத்தானே?

பேர் யாருக்கு?

பிறகு வில்லியம்ஸ் வின்செஸ்டர் கம்பெனிக்குப் போனார். அவருடைய இன்னொரு யோசனை, கொஞ்ச தூரமே நகரும் கேஸ் பிஸ்டன், 1941-ல் எம்1 கார்பைன் என்ற லேசான ரைபிளுக்கு இதயமானது. இரண்டாம் உலகப் போரில் 60 லட்சத்துக்கும் மேல் தயாரானது அது. அவருக்குக் 'கார்பைன்' வில்லியம்ஸ் என்ற பட்டப்பெயரும் வந்தது. 1952-ல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடித்து ஹாலிவுட் படமே எடுத்தார்கள்.

படம் பார்த்தால் ஒத்தை ஆளாகக் கார்பைனைச் செய்தது போல இருக்கும். உண்மை வேற. முதல் மாதிரியை 13 நாளில் உருவாக்கியது வில்லியம் ரோமர், ஃப்ரெட் ஹ்யூமஸ்டன் உள்ளிட்ட வின்செஸ்டர் குழு. பிஸ்டன் யோசனை வில்லியம்ஸுடையது, துப்பாக்கி குழுவுடையது. அவரோ யாரோடும் சேர்ந்து வேலை செய்யத் தெரியாதவர். ஃபைனல் இயர் புராஜெக்ட்டில் இப்படி ஒரு ஆளை நீங்களும் பார்த்திருப்பீங்க. ஒருவேளை அந்த ஆள் நீங்களாகவே இருக்கலாம்!

வில்லியம்ஸ் 1975-ல் இறந்தார். அவருடைய பட்டறையை ராலே நகரிலுள்ள வட கரோலினா வரலாற்று அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

திறமை ஒருவருடைய குற்றத்தைக் கழுவிவிடுமா? எனக்குத் தெரிந்து இல்லை. பேட் திரும்பி வரவில்லை. ஆனா சுத்தியலால் அடித்து உடைத்திருக்கக்கூடிய ஒரு வாழ்க்கையை, பீப்பிள்ஸ் என்ற அதிகாரி எங்கே மாட்டியிருக்கிறது என்று பார்த்துப் பட்டறைச் சாவியைக் கொடுத்தார். இழப்பைச் சுமந்த ஒரு மனைவியும் கையெழுத்துப் போட்டார். வில்லியம்ஸின் பெயரைக் கேட்கும்போது எனக்கு இந்த இரண்டு பேரும் சேர்ந்தே ஞாபகத்துக்கு வருவாங்க. உங்களுக்கும் வந்தால் சந்தோஷம்.

அடுத்த இதழில் இன்னொரு இன்ஜினியரோடு சந்திப்போம், மக்களே!