பிழையையும் பதிப்பித்த பேரறிஞர்

பொறியியலாளனாகப் பல ஆண்டுகள் பணிபுரிந்த பின்னரே, நாள்தோறும் நான் கையாளும் கணிப்பு முறையின் உட்பொருளைக் கற்கத் தலைப்பட்டேன். குழாய்களில் ஓடும் நீரின் வேகத்தையும் அமுக்கத்தையும் கணினி நொடியிற் கணித்துத் தரும். அதனை நம்பி ஒப்பமிடுவேன். ஒருநாள், தாழ்ந்த தொட்டியிலிருந்து உயர்ந்த தொட்டிக்கு நீர் தானே ஏறுவதாக அது காட்டியது. காரணம் கூற என்னால் இயலவில்லை. அந்த வெட்கமே என்னை நூல்களிடம் செலுத்தியது. நூல்கள் லூயிஸ் பிறை றிச்சாட்சனிடம் கொண்டு சேர்த்தன.

இங்கிலாந்தின் நியூகாசில் நகரில், 1881ஆம் ஆண்டு, குவேக்கர் குடும்பமொன்றிற் பிறந்தவர் அவர். கேம்பிரிட்ஜிற் கற்றபின், 1906ஆம் ஆண்டளவில், முற்றா நிலக்கரி எடுக்கும் நிறுவனமொன்றிற் பணியாற்றினார். மழைநீர் வடியச் சதுப்பு நிலத்தில் வாய்க்கால்களை எங்ஙனம் வெட்டுவது என்பதே அவர்முன் நின்ற கேள்வி. அதற்குரிய வகையீட்டுச் சமன்பாடு உண்டு. ஒழுங்கற்ற எல்லையுடைய நிலத்துக்கு அதனைத் தீர்ப்பதோ அரிது. முதலிற் படம் வரைந்து விடை தேடினார். பின்னர் இடத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் பெறுமானத்தையும் அயற்கட்டங்களோடு தொடர்புபடுத்தி, வெறும் எண்கணிதத்தால் விடையை அணுகும் முறையை வகுத்தார். அம்முறையால் அணைக்கட்டொன்றின் தகைப்புகளைக் கணித்து 1910இல் வெளியிட்டார். இன்று என் கணினி செய்வதும் இதுவேயன்றோ!

வானிலை நிலையத்திற் சேர்ந்தபின், வளிமண்டலத்தையே கட்டங்களாகப் பிரிக்கத் துணிந்தார். முதல் உலகப் போரிற் படைக்கலம் ஏந்த மறுத்து, 1916 முதல் 1919 வரை பிரான்சில் காயமுற்றோரை ஏற்றும் வண்டியின் சாரதியாகத் தொண்டாற்றினார். அந்நாட்களிலும் கணக்கை அவர் கைவிட்டாரல்லர். 1910 மே 20ஆம் நாளின் பதிவுகளைக் கொண்டு, தென் ஜேர்மனியில் ஆறு மணி நேரத்தில் அமுக்கம் எவ்வளவு மாறும் எனக் கையாற் கணித்தார். ஏறத்தாழ ஆறு வாரம் சென்றது. 1917இற் போர்க்களத்தில் தொலைந்த கையெழுத்துப் பிரதி, சில திங்களின்பின் பெல்ஜியத்தில் நிலக்கரிக் குவியலின்கீழ்க் கிடைத்தது.

கண்ட விடையோ 145 மில்லிபார் உயர்வு! உண்மையில் அன்று அமுக்கம் பெரிதும் மாறவேயில்லை. வேறொருவராயின் அத்தாள்களைக் கிழித்தெறிந்திருப்பார். அவரோ 1922இல் வெளியிட்ட நூலில் அப்பிழையை ஒளிவின்றிப் பதிப்பித்தார். அதனாலேயே பின்வந்தோர் அக்கணக்கை மீண்டும் செய்து, தொடக்கத்திற் கொண்ட காற்றின் அளவுகளும் அமுக்க அளவுகளும் ஒன்றோடொன்று இசையாமையே பிழைக்குக் காரணம் என நிறுவ முடிந்தது.

வானிலை நிலையம் விமான அமைச்சின்கீழ் வந்தபோது, 1920இற் பதவியைத் துறந்தார். 1950இல் அமெரிக்காவில் எனியாக் என்னும் கணினி வானிலையைக் கணித்ததை அறிந்து மகிழ்ந்தார். 1953 செப்டம்பர் 30ஆம் நாள் மறைந்தார்.

அவர் வரலாற்றைப் படித்தபின் என் பழைய கணக்கை மீண்டும் விரித்தேன். இரு தொட்டிகளின் மட்டங்களும் வெவ்வேறு அடிமட்டத்திலிருந்து அளக்கப்பட்டிருந்தன. கணினி பொய் சொல்லவில்லை. இசையாத எண்களை ஊட்டியவன் நானே. திருத்திய விடையோடு பிழைத்த விடையையும் கோவையிற் சேர்த்துவைத்தேன். எனக்குப் பின் வருபவனுக்கு அதுவும் ஒரு பாடமாகும்.