நரம்பறிஞர் கஹால்

ஓவியனாக விரும்பிய சிறுவனொருவன் உலகம் போற்றும் மூளையறிஞனாகிய வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் கூறப் புகுகின்றேன்.

சந்தியாகோ இராமோன் இ கஹால் 1852ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டு மலையூரொன்றிற் பிறந்தார். தந்தையார் சத்திர வைத்தியர். மைந்தன் படம் வரைந்து திரிவதை விரும்பாதவர். அடங்காப் பிள்ளையை நாவிதரிடமும் சப்பாத்துத் தைப்பவரிடமும் சிலகாலம் தொழில் பழக விட்டார். பின்னர்த் தாமே எலும்புகளைக் காட்டி உடலமைப்பியல் கற்பித்தார். அவற்றைப் பார்த்து வரைந்த மைந்தர்க்கு மருத்துவத்திற் பற்றுண்டாயிற்று.

இராணுவ வைத்தியராய்க் கியூபா சென்றவர், மலேரியாவால் நலிந்து 1875இல் மீண்டார். நரம்புக்கலங்களுட் சிலவற்றை மட்டும் கருநிறமாக்கிக் காட்டும் முறையொன்றை இத்தாலியரான கொல்கி 1873இல் வெளியிட்டிருந்தார். 1887இல் அதனைக் கண்ட கஹால், அதனைச் செம்மைசெய்து, நரம்பு மண்டலம் தொடர்வலையன்று, தனிக்கலங்களின் கூட்டமே என நிறுவினார். நாசியுணர்வு முதலிற் சென்றுசேரும் மணக்குமிழையும் ஆராய்ந்து வரைந்தார். 1906இல் இருவரும் நோபல் பரிசினைப் பகிர்ந்தனர். கொல்கியோ தம் பரிசுரையிலும் கஹாலின் கொள்கையை மறுத்தார்.

வளர்ந்தோர் மூளையில் நரம்புக்கலம் அழியுமன்றிப் புதிதாய்த் தோன்றாதெனப் பிற்காலத்திற் கஹால் தீர்ப்பளித்தார். எனினும், அக்கடுவிதியை மாற்றும் பணியை வருங்கால விஞ்ஞானத்துக்கே விட்டு, 1934இல் மறைந்தார்.

பின்வந்தோர் தீர்ப்பை மட்டும் பற்றிக்கொண்டனர். 1962இல் ஜோசப் அல்ற்மன், வளர்ந்த எலிகளின் மூளையிற் புதிய நரம்புக்கலங்கள் தோன்றுதற்குச் சான்று காட்டியும், நெடுங்காலம் அதனைப் பலர் பொருட்படுத்திலர். இன்றோ, எலிகளின் மூளையறைச் சுவரிற் பிறக்கும் இளங்கலங்கள் மணக்குமிழுக்கு நகர்ந்து சென்று குடிபுகுதல் தெளிவாகியுள்ளது. அவற்றுட் பல இறந்தொழியும். புதுமணங்களைப் பழகுங்கால் மிகுதியானவை பிழைத்து, ஒத்த மணங்களைப் பிரித்தறியவும் நினைவிற் கொள்ளவும் துணைசெய்யும். வளர்ந்த மனிதரின் மணக்குமிழிலோ இப்புதுவரவு மிக அரிது, அல்லது இல்லையென்றே கூறத்தகும். ஆதலின் கஹாலின் தீர்ப்பு முற்றும் பொய்த்ததுமன்று.

அவர் வரைந்த குமிழிலேயே அவர் தீர்ப்புக்கு விலக்குக் கிடைத்தது வியப்பே. ஆசிரியர் கூறிய முடிபை மனனஞ் செய்யும் மாணாக்கர், அவர் திறந்துவைத்த வாயிலையும் மறவாதிருத்தல் வேண்டும் என்பது என் துணிபு.