ஆங்கிலக் கல்விக்கு வழிதிறந்த அறிஞர் சித்தி லெப்பை

கல்வியைக் கடமையாக வகுத்த மார்க்கம் இஸ்லாம். எனினும், 19ஆம் நூற்றாண்டு இலங்கையில் ஆங்கிலம் கற்க அஞ்சிய சமுதாயமாக முஸ்லிம்கள் இருந்தனர் என்பதை நாம் வரலாற்றில் காண்கிறோம். அவ்வச்சம் காரணமற்றதன்று. ஆங்கிலப் பள்ளிகளிற் பெரும்பாலானவை கிறித்தவ மிஷனரிமாரின் கையில் இருந்தன. பிள்ளை ஆங்கிலம் கற்றுத் தன் ஈமானை இழந்துவிடுமோ எனப் பெற்றோர் கலங்கினர். ஆனால், நீதிமன்றத்தின் மொழியும் அரசுப் பணியின் மொழியும் ஆங்கிலமாகவே இருந்தது. கல்லாதோர் ஒதுங்கி நிற்க நேர்ந்தது.

இந்நிலையை மாற்ற முனைந்தவர் அறிஞர் மு. கா. சித்தி லெப்பை. 1838ஆம் ஆண்டு கண்டியில் பிறந்த அன்னார், அரபும் தமிழும் ஆங்கிலமும் கற்றுத் தேர்ந்து, 1862இல் வழக்கறிஞரானார். மார்க்கப் பற்றும் ஆங்கிலப் புலமையும் ஒருவரிடத்தே ஒருங்கே அமையலாம் என்பதற்கு அவரது வாழ்வே சான்றாயிற்று.

பிறர் பள்ளி அச்சந்தருமெனின், நம் பள்ளியை நாமே நிறுவுதல் வேண்டும் என்பதே அவர் கண்ட தீர்வு. 1882இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கிக் கல்வியின் இன்றியமையாமையை இடையறாது எழுதினார். 1883இல் நாடுகடத்தப்பெற்று இலங்கை வந்த எகிப்தியத் தலைவர் ஒறாபி பாஷாவின் ஆதரவும், வள்ளல் வாப்பிச்சி மரிக்காரின் துணையும் அவருக்கு வாய்த்தன. மக்களோ எளிதில் இணங்கினாரல்லர். முதல் முயற்சிகள் தளர்ந்தபோதும் அவர் தளர்ந்தாரில்லை. 1892இல் கொழும்பு மருதானையில் மலர்ந்த கல்விக்கூடமே பின்னாளில் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தோங்கியது. பெண்களுக்கும் கண்டியில் பள்ளி கண்டார்.

ஆங்கிலத்தை ஆதரித்த அவர் தமிழைக் கைவிட்டாரல்லர். 1885இல் அவர் இயற்றிய 'அசன்பேயுடைய கதை' தமிழின் தொடக்ககால நாவல்களுள் ஒன்று. 1898இல் அன்னார் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

ஆங்கிலத் தாளை எண்ணி அஞ்சும் மாணவமணிகள் இன்றும் நம்மிடையே உளர். மொழி ஒரு கருவி. அதைக் கற்பதால் நம் மார்க்கமும் தாய்மொழியும் குறைவுறா என்பதை இப்பெருமகனாரின் வாழ்வு நமக்கு உணர்த்துகின்றது. அல்லாஹ் அன்னாரின் நற்பணிகளை ஏற்று, மேலான சுவனபதியை அருள்வானாக. ஆமீன்.