வட்டக்கோட்டை தந்த டிலனாய்

கன்னியாகுமரிக்கு வடகிழக்கே, அலைகள் வந்து மோதும் வட்டக்கோட்டை மதில்மேல் நின்று நோக்குவார்க்கு ஒருபால் கடலும் மற்றொருபால் மலைத்தொடரும் தோன்றும். இக்கருங்கற் கோட்டையைப் புதுக்கிக் கட்டுவித்தவர் இந்நாட்டவர் அல்லர். இந்நாட்டோடு பொரவந்து சிறைப்பட்டவர். அவரே யுஸ்தாக்கியுஸ் டிலனாய்.

இவர் 1715-ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து ஆராஸ் நகரிற் பிறந்து, ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கும்பினியிற் சேவகம் ஏற்றார். மிளகு வாணிகம்பற்றி அக்கும்பினிக்கும் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மருக்கும் பகை மூண்டது. 1741-இல் நிகழ்ந்த குளச்சற் போரில் ஒல்லாந்தர் தோற்றனர், டிலனாய் சிறையானார்.

பகைவனைக் கொல்லுதல் வென்றார்க்கு எளிது. அவன் திறமறிந்து பயன்கொள்ளுதலே அரிது. அவ்வரிய செயலை மன்னர் செய்தார். தம் சேனைக்கு ஐரோப்பிய முறையில் போர்ப்பயிற்சி அளிக்கும் பொறுப்பை டிலனாயிடமே ஒப்புவித்தார். அவரும் படிப்படியாக உயர்ந்து, வலிய கப்பித்தான் எனப் பெயர்பெற்றார். உதயகிரி, பத்மநாபபுரம் ஆகிய கோட்டைகள் அவரால் வலிமையுற்றன. பின்னர்த் தர்மராஜாவின் காலத்தில் வடவெல்லையில் நெடுங்கோட்டையும் எழுந்தது.

அரண்மனை ஊழியராகிய நீலகண்ட பிள்ளை இவருடைய நண்பர். டிலனாய் வாயிலாகக் கிறிஸ்து மார்க்கத்தை அறிந்த அவர், 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752-இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுடப்பட்டு மாண்டார். 2022-இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. நண்பர் உயிர் துறந்த அரசிலேயே டிலனாய் பின்னும் இருபத்தைந்து ஆண்டுகள் படை நடத்தினார். இதனை எண்ணுங்கால், அவருடைய அரச விசுவாசத்தை எளிதிற் புகழ நம் நா எழுவதில்லை. எளிதிற் பழிக்கவும் எழுவதில்லை. சிறைப்பட்டு வந்தவர்க்கு வேறு நாடு இல்லை.

மனைவியார் மார்கரீத்தாவுடன் உதயகிரியில் வாழ்ந்த அவர்க்கு மற்றொரு துயரமும் நேர்ந்தது. மகன் யோவான் 1765-இல் களக்காட்டுப் போரில் உயிர் நீத்தான். அவன் பிராயம் ஏறக்குறைய இருபது. அஃதாவது இவ்விதழைப் படிக்கும் நம்மிற் பலருடைய பிராயம்.

டிலனாய் 1777-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாளில் உதயகிரியிற் காலமானார். அக்கோட்டையுள் கூரையற்று நிற்கும் சிற்றாலயத்தில் அவருடைய கல்லறை உள்ளது. அதன்மீது லத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டுள்ளன. பிறந்த மண்ணின் மொழி இல்லாத அக்கல்லில், வென்ற மண்ணின் மொழி இடம்பெற்றிருக்கிறது. வட்டக்கோட்டைக்கு உல்லாசமாகச் செல்லும் நண்பர்காள், ஒருநாள் உதயகிரிக்கும் செல்லுங்கள்.